இருவருக்குமான அட்டை

மில்லிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதம்தான், தொழிலாளர் காப்பீட்டில் மருந்து வாங்கும் அட்டை இனிச் செல்லாது என்று தங்கபாய்க்குத் தெரிந்தது. இருபத்தாறு வருடம் நூற்பாலையில் நூலைக் கோனில் சுற்றும் பகுதியில் நின்றவள். பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கி, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். வழக்கம்போல இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி வரிசையில் நின்று அட்டையை நீட்டினாள்.

"வேலை முடிஞ்சு போச்சுல்லம்மா. இனி இதுல மருந்து கிடையாது" என்றார் ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கி, ஒன்றைப் பாதியாக உடைத்து இரண்டு நாளைக்கு வைத்துக்கொண்டாள். மூச்சு முட்டும் நாட்களில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். சர்ச்சுக்குப் பின்னால் ஒற்றை அறை. பிள்ளை இல்லை. இருமினால் பக்கத்து வீட்டு ரேடியோவின் சத்தம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

தொண்ணூற்று நாலில் ஒரு சந்தை நாள். பலசரக்குக் கடைப் படியில் அவள் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்ததைச் சுப்புராஜ் பார்த்தார். மில்லில் யூனியன் செயலாளராக இருந்தவர்.

"டிஸ்பென்சரிக்குப் போகலயாக்கா?"

"நமக்குத்தான் அது முடிஞ்சு போச்சேப்பா."

"யாரு சொன்னா? அஞ்சு வருசத்துக்கு மேல இன்சூரன்சுல இருந்து, வயசாகி ரிட்டயர் ஆனவங்களுக்கு உண்டுக்கா. மாசம் பத்து ரூபா. ஒரு வருசத்துக்கு மொத்தமா முன்கூட்டிக் கட்டணும். மில்லுல ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு இ.எஸ்.ஐ. ஆபீசுக்குப் போங்க."

தங்கபாய்க்கு அழுகைதான் வந்தது. ஒரு வருடம் மூச்சுக்கு அலைந்ததெல்லாம் யாரும் சொல்லாததால்தான். தானும் யாரையும் கேட்கவில்லையே என்பது அதைவிட வலித்தது.

மில் சர்டிபிகேட்டோடு ஆபீசுக்குப் போனாள். கிளார்க் சின்ன வயதுக்காரர், பொறுமையாகப் படிவத்தை நிரப்பினார்.

"வீட்டுக்காரர் இருக்காராம்மா?"

தங்கபாய் மேசையைப் பார்த்தாள்.

"இருந்தா அவருக்கும் சேர்த்துத்தான். அதே பணம். ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த போட்டோ ஒண்ணு வேணும்."

"நாளைக்கு வாரேன் சார்" என்று எழுந்துவிட்டாள்.

வீட்டுக்காரர் காசிராஜன் இருந்தார். பதினொரு கிலோமீட்டர் தள்ளி, ஸ்ரீவில்லிபுத்தூரில். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், தறி வேலைக்கு என்று சுந்தரபாண்டியம் போனவர் அங்கே மாடத்தி என்பவளோடு தங்கிவிட்டார். தங்கபாய் போய்க் கேட்கவும் இல்லை, கோர்ட்டுக்குப் போகவும் இல்லை. மாடத்தி இறந்துவிட்டதையும், அவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்பதையும், காலில் புண் ஆறாமல் கிடப்பதையும் சர்ச்சுக்கு வரும் பெண்கள் அவ்வப்போது அவள் காதில் போட்டார்கள். கேட்டுக்கொள்வாள், பதில் சொல்ல மாட்டாள்.

மறுநாள் ஆபீசுக்குப் போகாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினாள். ஏன் ஏறினோம் என்று வழி முழுக்க யோசித்தாலும் பதில் கிடைக்காது என்று தோன்றியது.

சைக்கிள் ஸ்டாண்டில் காசிராஜன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் துணி சுற்றியிருந்தது. அவளை அடையாளம் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"தங்கபாயா?"

"காலுக்கு என்ன வைத்தியம் பார்க்கிய?"

"டாக்டரு சீனி வியாதிங்கான். ஊசி போடச் சொல்லுதான். எங்க போட?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். தன்னுடைய சர்வீஸ், கட்ட வேண்டிய பணம், புருஷனுக்கும் சேர்த்து மருந்து என்பது எல்லாம். அவர் தலை நிமிரவே இல்லை.

"எனக்காகவா வந்த?"

"அரசாங்கம் ரெண்டு பேருக்குக் குடுக்குது. ஒரு ஆளு இடம் சும்மா கிடக்கு. போட்டோவுக்கு வாரியளா, இல்லையா?"

ரத வீதியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனார்கள். கல்யாணத்தின்போது போட்டோ எடுக்க வசதி இல்லை. சேர்ந்து எடுப்பது இதுதான் முதல் தடவை. "செத்த நெருங்கி உட்காருங்க ஆச்சி" என்றார் போட்டோக்காரர். தங்கபாய் நகரவில்லை. காசிராஜன்தான் நாற்காலியை ஒரு சாண் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பணம் கட்டி, இருவர் பேரிலும் அட்டை வாங்கிய பிறகு, ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய் அவர் டிஸ்பென்சரிக்குப் பஸ்ஸில் வந்தார். அட்டை அவளிடம் இருந்ததால் அவளும் போக வேண்டியிருந்தது. அங்கே பெஞ்சில் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருப்பார்கள். "தங்கபாய், காசிராஜன்" என்று சேர்த்துக் கூப்பிடுவார்கள். முதல் தடவை கேட்டபோது, கல்யாணத்துக்கு முன்னால் சர்ச்சில் இருவர் பேரையும் சேர்த்து ஓலை வாசித்த குரல் நினைவுக்கு வந்து அவளுக்கு உடம்பு கூசியது. மருந்து வாங்கியதும் அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போவார், அவள் வீட்டுக்குப் போவாள். மாத்திரைகளால் அவளுக்கு மூச்சிரைப்பு குறைந்தது. அவர் கால் புண்ணும் மெல்ல உலர்ந்தது.

எட்டாவது மாதம் ஒரு செவ்வாய், வெளியே வந்ததும் அவர் நின்றார்.

"நானும் அங்க ஒத்தையில கிடக்கேன். நீயும் இங்க ஒத்தையில. பேரு ஒரே அட்டையில இருக்கு. வீட்டுக்கு வந்துரட்டுமா?"

காய்ச்சலில் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் கிடந்த நாட்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன. சரி என்று சொல்லிவிடலாம்போலவும் இருந்தது.

"அது வியாதிக்கு உள்ள அட்டை" என்றாள். "அம்புட்டுதான்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். தங்கபாய் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். இனி வர மாட்டார் என்று நினைத்தாள். அந்தப் பதினைந்து நாளும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. சொன்னது தப்பு என்றும் தோன்றவில்லை, சரி என்றும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை டிஸ்பென்சரி திறக்கும் முன்பே போய்விட்டாள். காசிராஜன் அவளுக்கு முன்னாலேயே வந்திருந்தார். அவளைப் பார்த்ததும் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து, எப்போதும்போல நடுவே ஓர் ஆள் இடம் விட்டார்.