சித்தப்பா வீட்டு அலுமினியம்

1

இந்தக் கதை ஒரு தொட்டிலை நகர்த்தியதில் தொடங்கியது. தெரிந்த பெண் ஒருத்திக்கு முதல் குழந்தை பிறந்திருந்தது. பார்க்கப் போயிருந்தேன். அவளுடைய மாமியார் தொட்டிலைச் சுவரோரம் தள்ளிவைத்துவிட்டுப் பெருமையாகச் சொன்னார்: "இந்த இடத்துல சுவரு கதகதன்னு இருக்கும்மா. குளிருக்குப் பிள்ளைக்கு இதமா இருக்கும்."

தொட்டுப் பார்த்தேன். அங்கே ஒரு பிளக் பாயிண்ட். அதன் மூடி சுட்டது.

மாமியார் உள்ளே போனதும் அந்தப் பெண் என் காதருகே வந்தாள். "எனக்குத் தெரியும்க்கா. ஆனா வீடு என் வீட்டுக்காரரோட சித்தப்பாவோடது. யாரு கேக்கறது?"

குடும்பக் காதல் கதைகள் எழுதுகிறவள் நான். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் முதல் வரி இப்படி வந்தது:

மாலை வெயில் அவள் கூந்தலில் பொன்னை

கோடு போட்டு அடித்துவிட்டேன். சுவர் சுடுகிறது, கூந்தலாவது மண்ணாங்கட்டியாவது.

2

அந்தச் சித்தப்பா கெட்டவர் இல்லை. அண்ணன் இறந்த பிறகு அவர் மகனைப் படிக்கவைத்தார், கல்யாணம் செய்துவைத்தார், தன் பழைய வீட்டையும் குடியிருக்கக் கொடுத்தார். அவர்கள் குடிவருவதற்கு முன்னால் சுவிட்சுகளையெல்லாம் பளபளவென்று புதிதாக மாற்றினார். சுவருக்குள் ஓடும் வயரைத் தொடவில்லை. அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

(அடைப்புக்குள் ஒரு விளக்கம். காதலுக்காக வந்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். தயவுசெய்து போகாதீர்கள். செம்பு விலை ஏறிய காலத்தில் பல வீடுகளுக்கு அலுமினிய வயர் இழுத்தார்கள். அது சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும். பிடித்திருக்கும் திருகு மெல்லத் தளரும். தளர்ந்த இடம் இன்னும் சூடாகும். செம்போடு சேர்த்து வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம். விளக்கு எரியும், டிவி ஓடும், உள்ளே கருகிக்கொண்டிருக்கும்.)

3

அவள் எலக்ட்ரீஷியனை வரவழைத்தாள். மூடியைக் கழற்றினார். உள்ளே பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது.

"வீடு முழுக்க அலுமினியம்மா. எல்லாத்தையும் செம்பா மாத்தணும். இல்லன்னா ஒவ்வொரு இணைப்புக்கும் இதுக்குன்னே உள்ள கனெக்டர் போடணும். அதுவரைக்கும் கரண்ட்டை ஆஃப் பண்ணி வைங்க."

அதற்குள் சித்தப்பா வந்துவிட்டார்.

"யாரைக் கேட்டும்மா கழட்டினே?"

"சுவரு சுடுது மாமா. பக்கத்துல குழந்தை படுக்குது."

"இத்தனை வருஷம் எரியாத வீடு, நீ வந்ததும் எரிஞ்சுடுமா?"

இப்போது எலக்ட்ரீஷியன் பேசியிருக்க வேண்டும். பேசினார். "டேப் சுத்தி விட்டுடட்டுங்களா சார்?"

சுற்றினார். போய்விட்டார்.

கணவன்? "சித்தப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

[என் முதல் பிரதியில் இவன் தங்கமானவன். அவளுக்குக் காய்ச்சல் என்றால் லீவு போடுவான், துணி மடிப்பான், அவள் தூங்கும்வரை தலை பிடித்துவிடுவான். எதையும் நீக்கவில்லை, எல்லாம் உண்மை. அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். தலை பிடித்துவிடத் தெரிந்தவனுக்கு ஒரு வாய்வார்த்தை வரவில்லையே!]

4

முடிவு ஒன்று: தீப்பிடிக்கிறது, சித்தப்பா கதறித் திருந்துகிறார். எழுதமாட்டேன். ஒரு பெரியவருக்குப் புத்தி வர ஒரு பிள்ளையைக் கொளுத்த வேண்டுமா?

முடிவு இரண்டு: குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொள்கிறது. அவர் உருகி, "நாளைக்கே ஆளைக் கூப்பிடு" என்கிறார். என் வாசகிகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். எனக்கும் பிடித்திருந்தது, நேற்றுவரை. கண்ணே சரியாகத் திறக்காத சிசுவை அதற்குள் பஞ்சாயத்து பேச அனுப்புவதா?

முடிவு மூன்றை எழுதத் தொடங்கியபோதுதான் போன் வந்தது. "அக்கா, மெயினை ஆஃப் பண்ணிட்டேன். வயர் மாத்தறவரைக்கும் போடமாட்டேன். சித்தப்பா வந்துட்டு இருக்காரு." வைத்துவிட்டாள்.

5

இனி நான் எழுதுவது.

குழந்தையைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள் மங்கிய கூடத்தில் நெளிகிறார்கள். மாமியார், "ஊரு சிரிக்கப் போகுது" என்று முணுமுணுக்கிறார். சித்தப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக மெயின் போர்டுக்குப் போகிறார்.

"வந்தவங்கள இருட்டுல உக்கார வச்சிருக்கே. இதான் மரியாதையா?"

"ஜன்னலைத் திறந்து விட்டிருக்கேன் மாமா. வெளிச்சம் வருது."

அவர் சுவிட்சைப் போடக் கையை உயர்த்துகிறார். அவருக்கும் போர்டுக்கும் நடுவில் கணவன் நிற்கிறான். எப்படி அங்கே வந்தான் என்று அவனுக்கே தெரியாது.

"நகருடா."

அவன் வாயில் வைக்க ஒரு வாக்கியம் தேடினேன்.

சித்தப்பா, நான் உங்களை எவ்வளவு

அடித்தேன்.

நீங்க சொன்னா சரிதான், ஆனாலும் ஒரு தடவை

அடித்தேன். நன்றியில் ஆரம்பிக்கும் எந்த வாக்கியமும் அந்தக் கையை நிறுத்தாது. "தொடாதீங்க சித்தப்பா." வேண்டியது இவ்வளவுதான். எழுதுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. ஆனால் அவனுக்காக நான் சொல்லிவிட்டால், என் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நீங்களும் தரையைத்தானே பார்ப்பீர்கள்?

உங்கள் குடும்பத்திலும் மறுத்துப் பேசமுடியாத ஒருவர் இருப்பார். அவர் விரல் சுவிட்சுக்கு அருகே போய்விட்டது. எல்லோரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள்.

சொல்லுங்கள்.