பாதி சார்ஜில் ஒரு விமானி

அவனுக்குப் 'பைலட்' என்று பெயர் வைத்தது அப்பா. பெருமையில் வைத்தது அல்ல. ஒரு ட்ரோனும் மூன்று பேட்டரிகளும் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

இந்த வகை பேட்டரியை முழுதாக நிரப்பிப் போட்டுவைத்தால் உப்பும், காலியாக விட்டால் உயிரை விடும். பறக்காத நாட்களில் பாதியில் வைப்பதுதான் முறை. பைலட் பறக்காத நாட்கள் என்றால் ஏறக்குறைய எல்லா நாட்களும்தான். அதனால் அவனிடமிருந்த எல்லா பேட்டரிகளும் நிரந்தரமாகப் பாதியிலேயே இருந்தன. ஒன்று மட்டும், இத்தனை பணிவிடைக்குப் பிறகும், அப்பாவின் தொப்பையைப் போல உப்பிக்கொண்டது. அதை மணல் நிரப்பிய தகர டப்பாவில் வைத்து ஓய்வு கொடுத்தான். மிச்சம் இரண்டு.

அக்கா கட்டட வேலைகளை மேற்பார்வை பார்ப்பவள். காகித உருளைகள் வைக்கும் கிடங்கு ஒன்றில் கூரை ஒழுகியது. பழைய சிமெண்ட் ஷீட். எது விரிசல் விட்டிருக்கிறது என்று கீழிருந்து தெரியாது, மேலே ஏறினால் காலுக்கடியில் உடையும். "யாரும் ஏற வேண்டாம், என் தம்பி பறக்கவிட்டுப் பார்த்துச் சொல்வான்" என்று மேஸ்திரியிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். பைலட்டும் முதல் நாளே இரண்டு பேட்டரிகளையும் நிரப்பிவைத்தான்.

காலையில் மழை. "இன்னிக்கு வேணாம்டா" என்று அக்கா போன் செய்தாள்.

வேறு யாராவது என்றால் திரும்பப் படுத்திருப்பார்கள். பைலட்டுக்கோ முழு பேட்டரிகள் கண்ணை உறுத்தின. கூடத்தில் ட்ரோனை அந்தரத்தில் நிறுத்தி, ஒன்று மாற்றி ஒன்றாகப் பாதிக்கு இறக்கினான். அம்மா மடித்துவைத்த துணியெல்லாம் மூலைக்குப் பறந்தது.

"டேய், ஃபேன் போட்டா பத்தாதா? இதுக்கு ஒரு மிஷின் வேற!"

"பேட்டரி ஆரோக்கியம்மா."

"என் ஆரோக்கியத்தையும் கொஞ்சம் பாரு."

கடைசிச் சட்டையை அம்மா பொறுக்கி முடிப்பதற்குள் மழை விட்டது. போன் அடித்தது. "உடனே வா. சாயங்காலம் திரும்பக் கொட்டுமாம். மேஸ்திரி ஏணியைச் சாத்திட்டாரு."

கிடங்கில் அக்கா ஏணியின் முதல் படியில் கையை வைத்து மறித்து நின்றிருந்தாள். மேஸ்திரி செருப்பைக் கழற்றித் தயாராக இருந்தார்.

"எவ்வளவு இருக்கு?" என்றாள் அக்கா.

"ரெண்டுலயும் பாதி."

"ஏன்டா பாதி?"

"காலையில இறக்கிட்டேன்க்கா. உப்பிடும்ல."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

முதல் பேட்டரியைக் காற்று தின்றது. பைலட்டின் திறமையும் கொஞ்சம் தின்றது: கூரை என்று நினைத்து, பக்கத்துக் கட்டடத்தை வெகு துல்லியமாகப் படமெடுத்துவிட்டான்.

"தம்பி, அது நம்மது இல்ல" என்றார் மேஸ்திரி மரியாதையாக.

இரண்டாவதைப் போட்டான். இம்முறை சரியான கூரை. பாதி தூரம் போவதற்குள் ரிமோட் அலறத் தொடங்கியது. சார்ஜ் குறைவு, திரும்புகிறேன் என்றது.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

"வீட்டுக்குப் போகணுமாம்."

"ஒண்ணும் தெரியலையே தம்பி. விடுங்க மேடம், நான் அஞ்சு நிமிஷத்துல ஏறிப் பாத்துடறேன்" என்று மேஸ்திரி ஏணியைப் பிடித்தார்.

பைலட் வாழ்நாளில் முதல்முறையாக 'ரத்து செய்' பொத்தானை அழுத்தினான். எச்சரிக்கை திரும்ப வந்தது. திரும்ப அழுத்தினான். ட்ரோனைத் தாழ்த்தி, மழைநீர் வடியும் பள்ளத்தை ஒட்டியே ஓட்டினான். திரையில் தெரிந்தது: ஏணி சாத்தியிருந்த இடத்துக்கு நேர் மேலே, வரிசையாக நாலைந்து ஷீட்டில் குறுக்கே விரிசல். சரியாகக் கால் வைக்கும் இடத்தில்.

மேஸ்திரி திரையைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார். "அடேயப்பா."

அக்கா மூச்சு விட்டாள். ட்ரோனும் விட்டது. திரும்பி வரத் தெம்பில்லாமல், கூரை நடுவே பொத்தென்று உட்கார்ந்தது. 'தரையிறக்கம் வெற்றி' என்றது திரை.

மேலே சின்னப் பச்சை விளக்கு மினுக்கியது. மேகம் கூடிக்கொண்டிருந்தது. மேஸ்திரிக்கு மனசு கேட்கவில்லை. "அந்தக் கோடி வழியா ஓரமா ஏறி எடுத்துத் தரட்டுமா தம்பி? நனைஞ்சிடுமே."

பைலட் விளக்கைப் பார்த்தான். கோடி உடையாது என்று அவனுக்குப் பாதி நம்பிக்கை இருந்தது. ஆசை முழுதாக இருந்தது. அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்ணே. அந்தப் பக்கம் பிடிங்க, ஏணியை இறக்கிடலாம்."

இருவரும் தூக்கினார்கள். ஏணிக்கு இரண்டு முனை உண்டு என்பது, வாசல் பல்பு தெறித்தபோதுதான் பைலட்டுக்கு உறைத்தது.