தென்கிழக்கே திரும்பிய குழாய்

1993 தை மாதம், ஜேர்மனியின் ஸவர்லாண்ட் மலைக் கிராமம் ஒன்றின் தெருவிலிருந்து வாரி வீசப்பட்ட பனி, மடு மாதா கோயில் அகதி முகாமில் இமெல்டா என்பவளின் கொட்டிலின் மேல் மட்டும் விழுந்தது. அதே வாரம் டீசல் விலை ஐந்து பெனிக் ஏறியது. கிராமத்தில் கூடுதலாகப் பேசப்பட்டது டீசலைப் பற்றித்தான்.

வீசியவன் அவளுடைய புருசன் ஸ்ரனிஸ்லாஸ். மன்னாரில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டியவன்; ஹம் நகரத்து அகதி விடுதியில் கொஞ்சக் காலம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இந்த மலையில் ஷுல்ட்டே என்ற விவசாயியிடம் வேலைக்குச் சேர்ந்தான். அந்த ஊரில் எட்டு மாதம் குளிர்காலம், மிச்ச நாலு மாதம் அதற்கான ஒத்திகை. மாடுகள் ஐஸ்கிரீம் கறந்தன என்றால் அது மிகை. பால் வாளிக்குப் போகும் வழியில்தான் இறுகியது. ஷுல்ட்டேயின் ட்ரக்டருக்கு முன்னால் பூட்டிய மெசின் தெருப் பனியைச் சுழல் தகடுகளால் அள்ளித் தின்று, மேலே நிற்கும் குழாய் வழியாகத் துப்பும். குழாய் குட்டை. துப்பியதெல்லாம் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரரின் முற்றத்தில் விழுந்தது. அவர் ஒவ்வொரு குவியலையும் படம் பிடித்து நகரசபைக்கு அனுப்பினார். ஈரப்பனி என்றால் குழாய் அடைத்தும்போகும். எஞ்சினை நிறுத்தித் தடியால் குத்த வேண்டும். இப்படியே போனால் தெரு துப்புரவு வேலை கைவிட்டுப் போகும் என்று ஷுல்ட்டே சொன்னபோது, ஸ்ரனிஸ்லாஸ் குழாயில் கைவைத்தான்.

பழைய பால் தாங்கி ஒன்றின் துருவேறாத தகட்டை வளைத்து ஒட்டி, குழாயை ஒரு முழம் உயர்த்தினான். ஈரப்பனி ஒட்டாமல் வழுக்கிப் போக உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு பதித்தான். குழாயைச் சுற்றித் திருப்பும் அடி வளையத்தை டீசலில் கழுவிப் புதுக் கிறீஸ் பூசினான். இதுவரைக்கும் எல்லாம் முறைதான். மடுக் கோயில் மண் பாம்புக்கடிக்கு மருந்து, பயணத்துக்குக் காவல் என்று மன்னார்ச் சனம் வீட்டில் வைத்திருக்கும். ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று இமெல்டா துணியில் முடிந்து கொடுத்த மண் அவனிடம் இருந்தது. புது வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் பூசுவதுபோல, அதில் ஒரு சிட்டிகையைக் கிறீஸில் குழைத்து வளையத்தில் பூசிவிட்டான். உலகத்தில் கிறீஸ் கண்டுபிடித்ததே இரும்புக்குள் மண் போகாமல் இருக்கத்தான் என்று ஷுல்ட்டே கத்தினார். அந்தக் கத்தலில் கூரைப் பனி சரிந்து இரண்டு கோழிகளைப் புதைத்தது.

குழாய் நறநறவென்று திரும்பித் தென்கிழக்கைப் பார்த்து நின்றது. வளையத்தைக் கழுவினார்கள், புது வளையமே பூட்டினார்கள், பலனில்லை. ட்ரக்டர் எந்தப் பக்கம் போனாலும் குழாய் தானாகச் சுழன்று தென்கிழக்கைப் பிடித்துக்கொண்டது. பனி ஊசியிலை மரங்களைத் தாண்டி, கோயில் கோபுரத்தைத் தாண்டிப் போனது, கீழே வரவில்லை. தபால்காரர் கமெராவோடு ஒரு கிழமை நின்று, பிடிக்க ஒன்றும் இல்லாத ஏக்கத்தில் படுக்கையில் விழுந்தார்.

மாசியில் இமெல்டா வவுனியாவுக்கு வந்து போன் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, எங்கட கொட்டிலுக்கு மேல மட்டும் ஐஸ் கொட்டுது. உங்கட வேலையோ?"

"கனக்கவோ?"

"கூரை பிஞ்சு போச்சு. மற்றவையின்ர புருசன்மார் சீலை அனுப்பினம், நீங்கள் ஐஸ் அனுப்புறியள்."

"அப்ப நிப்பாட்டவோ?"

"நிப்பாட்டினால் தெரியும்!" என்றாள்.

முகாமில் மலேரியா. கரண்டும் இல்லை, ஐஸும் இல்லை. காய்ச்சலில் வலிப்பு வந்த பிள்ளைகளின் நெற்றியில் சனம் அந்தப் பனியைத் துணியில் கட்டி வைத்தது. மருந்து கொடுக்கும் மிஸ்ஸி ஊசிமருந்தைப் பனிச் சட்டிக்குள் புதைத்து வைத்தார். ஐரோப்பியப் பனிக்கு மாட்டுச்சாண வாசம் லேசாக இருந்ததைத் தவிர வேறு குறை யாரும் சொல்லவில்லை.

அதன்பிறகு ஸ்ரனிஸ்லாஸ் சொக்கலேட் போட்டுப் பார்த்தான். ட்ரக்டரின் மூக்குக்கு முன்னாலேயே விழுந்தது. கடிதம் போட்டான், தூளாகித் தபால்காரரின் முற்றத்தில் விழுந்து அவருக்கு உயிர் கொடுத்தது. குழாய் பனியை மட்டும்தான் கொண்டுபோனது. மனைவியைக் கூப்பிட அவன் போட்ட அன்ட்ராக் என்ற விண்ணப்பம் மூன்று குளிர்காலம் அலுவலகத்தில் உறங்கியது.

1997 தொடக்கத்தில் விசா கிடைத்தது. அதை எடுக்க இமெல்டா கொழும்புக்குப் போய்க் கொட்டாஞ்சேனை லொட்ஜில் தங்கினாள். பனியும் பின்னால் போய் லொட்ஜின் மேல் விழுந்தது. முதலாளி வாளி வைத்தார். அந்த நாட்களில் முகாமில் அடுத்த கொட்டில் தேவமலரின் மகளுக்குக் காய்ச்சல் ஏறியது. நெற்றியில் வைக்க ஒன்றும் இல்லாமல் பிள்ளை வலிப்பில் போய்விட்டது. இமெல்டா விசாவோடு திரும்பி வந்தபோது தேவமலர், பனி வாங்க இரவல் எடுத்திருந்த சட்டியைத் துடைத்துக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தாள். அதன்பிறகு இமெல்டா பயணத்துக்கு நாள் குறிக்கவில்லை.

ஹம்மில் தொழிற்சாலை வேலை செய்த யாழ்ப்பாணத்துச் சோதிலிங்கம் போத்தலோடு மலையேறி வந்தான்.

"மச்சான், குழாயைக் கழட்டிப் போடு. பனி நிண்டால் அவவுக்கு அங்க என்ன வேலை? அடுத்த பிளைட்டில வந்து நிப்பா."

"பிள்ளையள்?"

"ஊருலகத்துப் பிள்ளையளுக்கெல்லாம் நீயோ தகப்பன்? உனக்கெண்டு ஒண்டு வேண்டாமோ?"

ஸ்ரனிஸ்லாஸ் குழாயைக் கழற்றி வைக்கோலுக்குள் புதைத்தான். கிராமத்தில் பனி ஏறியது. சனம் மாடி ஜன்னலால் பாண் வாங்கப் போனது. கோபுர உச்சித் தகரச் சேவலுக்கே தொண்டை வரைக்கும் பனி. ஷுல்ட்டே கும்பிட்டுப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். ஸ்ரனிஸ்லாஸ் அசையவில்லை. பிறகு வவுனியாவிலிருந்து போன் வந்தது.

"பனி வரேல்லை."

"மெசின் பழுது."

"நீங்கள் பூட்டினது பழுதாகாது." என்றாள். "விசா பங்குனி மட்டும்தான் செல்லும். வரச் சொல்லுங்கோ, வாறன். உங்கட வாயால சொல்லுங்கோ."

அவன் வாய் திறந்தான். திறந்தபடி நின்றான். லைன் அறுந்தது. றிசீவரை வைத்துவிட்டுப் போய் வைக்கோலைக் கிளறிக் குழாயை எடுத்தான். அன்று பொழுதுபடுவதற்குள் தெருவில் இருந்தது முழுவதும் தென்கிழக்கே போனது. பங்குனியில் விசா காலாவதியானது. சோதிலிங்கம் மலையேறுவதை விட்டான்.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஸ்ரனிஸ்லாஸ் தேய்ந்த பிளாஸ்டிக்கை மாற்றி, வெடிப்புகளை ஒட்டி, வளையத்துக்குக் கிறீஸ் பூசுகிறான். மண்ணை மறந்துவிடாதே என்று ஷுல்ட்டேயே இப்போது ஞாபகப்படுத்துகிறார். முதல் பனி விழுந்ததும் ஸ்ரனிஸ்லாஸ் எஞ்சினை முடுக்குமுன் இறங்கி, கையுறையைக் கழற்றி, தெருப் பனியில் உள்ளங்கையை அழுத்திவிட்டு ஏறுகிறான். மெசின் எதையும் தூளாக்கும். கை பதிந்த அந்த ஒரு கட்டியை மட்டும் தூளாக்குவதில்லை. அது ஐந்து விரலும் பதிந்தபடி முகாமில் வந்து விழுகிறது. இமெல்டா அதை மடியில் வைத்துக்கொண்டு கரையும்வரை இருக்கிறாள். எவ்வளவு காய்ச்சல் என்றாலும் அந்தக் கட்டியை யாரும் கேட்பதில்லை.