ஒன்பதாம் விதி

பின்லாந்தில் தொலைத்தொடர்பு உரிமம் வழங்கும் அலுவலகத்தில் ஒஸ்மோ கெத்துனென் பெரிய அதிகாரி. கைமாறாக எதை வாங்கிக்கொண்டு இணைப்புக் கொடுத்தாலும் உரிமம் பெற வேண்டும் என்ற ஒன்பதாம் விதியை எழுதியவரே அவர்தான். அதைப் பீற்றிக்கொள்ளாத விருந்தே கிடையாது.

ஏரிக்கரையில் அவருக்கு ஒரு கோடைக் குடில். அங்கே சிக்னல் எட்டாது என்று சவுனா என்கிற நீராவிக் குளியலறையின் கூரைமேல் ஆன்டெனா வைத்து, பக்கத்துக் குடில் ஹெல்விக்கும் இணைப்புக் கொடுத்திருந்தார். தனிக்கட்டையான ஹெல்வி கனடாவிலிருக்கும் மகளை முகம் பார்த்துப் பேசுவது அதில்தான். சனிக்கிழமை தவறாமல் புகைபோட்ட மீன் கொண்டுவந்து தருவாள். ஒருநாள் அந்த மீனை மென்றுகொண்டிருக்கையில் ஒஸ்மோவுக்கு உறைத்தது. இது கைமாறு அல்லவா! உரிமம் இல்லாத நிறுவனம் தானேதான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட மடையன் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

வேறு ஊர்க்காரன் என்றால் மீனை விழுங்கிவிட்டு வாயைத் துடைத்திருப்பான். இவரோ ஈ காக்கை இல்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிற ஜாதி.

"ஹெல்வி, இனிமே மீன் வேண்டாம். இணைப்பைச் சும்மாவே வச்சுக்குங்க."

"சும்மாவா? நான் யாருகிட்டயும் ஓசியில வாங்கினதில்லப்பா. உன் இணைப்பே வேண்டாம், போ!"

சொன்னபடியே இணைப்புப் பெட்டியைக் கழற்றி அவர் வாசலில் வைத்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை மகள் கூப்பிடும் நேரத்தில், அணைந்த திரைக்கு முன்னால் அவள் சும்மா உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியே ஒஸ்மோவுக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை தன் அலுவலகத்திலேயே உரிமம் கேட்டுப் போய் நின்றார். கவுன்ட்டரில் இருந்த மின்த்து தலையை ஆட்டினாள்.

"இங்க வேலை பார்க்கறவங்களுக்கு உரிமம் கிடையாது, ஒஸ்மோ. பத்தாம் விதி."

"எந்த முட்டாள் எழுதினான் அதை?"

"கீழ உங்க கையெழுத்துதான் இருக்கு."

ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அன்று மாலையே ராஜினாமா கொடுத்தார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தன் புத்திசாலித்தனத்தை நினைத்து நினைத்துச் சிரித்தார்.

உரிமம் வந்தது. ஹெல்வியின் வீட்டில் திரையும் ஒளிர்ந்தது. மறு சனிக்கிழமை அவள் மீன் தட்டை மேசையில் டக்கென்று வைத்தாள்.

"இப்பத்தான் பேசுறப்ப எம் பொண்ணு முகம் பாதியிலேயே நின்னுபோச்சு. என்னப்பா கம்பெனி நடத்துற நீ?"

தூறலில் ஏணியைத் தூக்கிக்கொண்டு கூரைக்கு ஏறினார் முன்னாள் அதிகாரி. இத்தனை வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வந்ததில்லை.

"திட்டிக்கிட்டே நிக்கணுமா ஹெல்வி? மழை பெய்யுது, உள்ள போங்களேன்."

"மீன் குடுத்திருக்கேன்ல? கேக்கத்தான் செய்வேன்."