மூன்று வகுப்புக்கு ஒரு கையெழுத்து

விடியப்புறம் ஐந்து மணிக்குக் கம்பளையில் பஸ் ஏறினால்தான் ஆறரைக்குப் பல்லேகலவில் இருக்கிற அந்தத் தனியார் பாடசாலைக்கு வந்துசேர முடியும். சுகிர்தா மூச்சிரைக்க உள்ளே வந்தபோது, இரஞ்சிதம் டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒழுகின கூரைத் தண்ணீரைத் தும்புத்தடித் துடைப்பத்தால் வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். சக ஆசிரியை நிலூஷா வாங்குகளைத் துடைத்தாள். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற தாய்மார் ஏழு மணிக்கு முன்பே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். கூட்டித் துடைக்க அங்கே வேறு ஆளில்லை.

"பாஸாயிட்டேன், டீச்சர்!"

இரஞ்சிதம் ஈரக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டார்.

இரண்டு வருடம், ஒரு சனி ஞாயிறும் தவறாமல், கண்டிக்குப் போய்ப் படித்த ஆசிரியர் உயர் தகைமைச் சான்றிதழ். அவள் பாடம் நடத்துவதைப் படம் பிடித்து அனுப்பவேண்டியிருந்தபோது, போனைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இரஞ்சிதம். பரீட்சை நாட்களில் தன் வகுப்போடு சுகிர்தாவின் வகுப்பையும் சேர்த்துப் பார்த்தவள் நிலூஷா.

பத்து மணிக்கு முதலாளி நவரட்ணராஜா கூப்பிட்டனுப்பினார்.

"நல்ல விசயம். இனி நீர்தான் முதன்மை ஆசிரியை. உம்மட, இரஞ்சிதத்தின்ர, நிலூஷாவின்ர மூண்டு வகுப்பையும் மண்டபத்தில ஒண்டாக்கப் போறம். நீர் படிப்பியும். மற்ற ரெண்டு பேரும் உதவியாளர். அவைக்கு இனி நிரந்தர வேலை இல்லை, தவணைக்குத் தவணைதான்."

"எண்பத்திநாலு பிள்ளைங்க, சார்!"

"அதுக்குத்தானே உம்மட சான்றிதழ்." ஒரு படிவத்தை நீட்டினார். "ரெண்டு பேரின்ர பாடத்தையும் போய்ப் பாரும். தரம் போதாதெண்டு எழுதிக் கையெழுத்து வையும். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

அவள் படிவத்தோடு வெளியே வந்தாள். முதன்மை ஆசிரியை என்ற சொல் ஒரு கணம் இனிக்கத்தான் செய்தது. இனித்ததை நினைக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் படிவத்தோடு இரஞ்சிதத்தின் வகுப்பில் கடைசி வாங்கில் உட்கார்ந்தாள். மூன்று கிழமையாக வாயே திறக்காத துஷானியின் பக்கத்தில் இரஞ்சிதம் தரையில் அமர்ந்து, போத்தல் மூடிகளை வேண்டுமென்றே பிழையாக எண்ணினார். பொறுக்கமாட்டாமல் பிள்ளை, "இல்ல, ஏழு!" என்றது. வகுப்பே கைதட்டியது.

சுகிர்தா பேனையை மூடினாள். சான்றிதழுக்காக அவள் எழுதிய கட்டுரையில் அதிகப் புள்ளி வாங்கித் தந்தது இதே முறைதான். இவரைப் பார்த்துக் கற்றதைத் தன் பெயரில் எழுதியிருந்தாள்.

இடைவேளையில் படிவத்தை இருவர் முன்னாலும் வைத்துவிட்டாள்.

நிலூஷாவின் முகம் சிவந்தது. "ஒங்கட வகுப்பையும் சேத்துப் பாத்தது இதுக்கா?"

"நான் வைக்க மாட்டேன், நிலூஷா. சத்தியமா."

"நீ வைக்காட்டி வேற ஆளைப் பிடிப்பார்," என்றார் இரஞ்சிதம். "ஒராள் மட்டும் மறுத்தால் காணாது, பிள்ளை."

மூவரும் சேர்ந்து முதலாளிக்குக் கடிதம் எழுதினார்கள். வகுப்புகளைச் சேர்க்கக் கூடாது. யாரையும் கீழே இறக்கக் கூடாது. படிக்க விரும்புகிற எல்லாருக்கும் வேலை நேரத்திலேயே நேரம் தரவேண்டும். பதினொரு ஆசிரியைகளில் ஒன்பது பேர் கையெழுத்திட்டார்கள். இரண்டு பேர் பயந்து ஒதுங்கினார்கள். சுகிர்தாவுக்கும் பயம்தான், இரண்டு இரவு அவள் சரியாகத் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பது பேரும் அலுவலக வாசலில் நின்றார்கள்.

"சுகிர்தா மட்டும் உள்ள வாரும்."

"எல்லாருந்தான் வர்றோம், சார்."

உள்ளே இருந்தது ஒரே கதிரை. யாரும் உட்காரவில்லை. நவரட்ணராஜா கடிதத்தை வாசித்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"உம்மை மேல தூக்கிவிடப் பாத்தன். நீர் இவையோட நிண்டு கெடுறீர். திங்கக்கிழமை ஒருத்தருக்கும் வேலை இல்லாமல் போகும், தெரியுமோ?"

 நிலூஷா சுகிர்தாவின் கையைப் பிடித்தாள்.

"திங்கக்கிழமை ஆறரைக்கு வருவோம், சார். அவங்கவங்க வகுப்புக்கு."

எதுவும் எழுதாத படிவத்தை மேசையில் வைத்துவிட்டுச் சுகிர்தா மற்றவர்களோடு வெளியே வந்தாள்.

ஒதுங்கியிருந்த இருவரில் ஒருத்தியான பிரியாந்தினி, வராந்தாவில் காத்துக்கொண்டு நின்றாள். "அக்கா, அந்தக் கடிதத்தில இன்னும் இடம் இருக்கோ?"

"அதைக் குடுத்தாச்சே, பிள்ளை," என்றார் இரஞ்சிதம். "வா, இருந்து இன்னொண்டு எழுதுவம்."