வலப்பக்கத்துப் பற்கள்

"நீங்க இடது கைக்காரரா?" என்று பல் டாக்டர் கேட்டபோது, வாயில் பஞ்சும் குழாயுமாகக் கிடந்த பஸ் டிரைவரால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. இல்லை. சாப்பாடு, கையெழுத்து, மகனை ஒரே ஒருமுறை அறைந்தது, எல்லாம் வலது கைதான். டாக்டர், அவருக்கு மகள் வயதுப் பெண். கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள். வலப்பக்கத்துப் பற்கள் ஈறோரத்தில் அரிவாள் பட்ட கிளைபோல வெட்டுப்பட்டிருந்தன. இடது கையால் அழுத்தித் தேய்ப்பவர்களுக்குத்தான் இந்தப் பக்கம் இப்படித் தேயும் என்றாள். இப்படியே போனால் ஒரு பல் நிற்காது.

அவள் நீட்டிய பிரஷ்ஷை வாங்கினார். அது தானாக இடது கைக்குப் போனது. தலை நரைத்த மனிதருக்கு இத்தனை நாளும் தன் கை எதுவென்று தெரிந்திருக்கவில்லை.

அக்காதான். அக்கா இடது கைக்காரி. அப்பாவும் அம்மாவும் விடியுமுன்னே மில்லுக்குப் போய்விடுவார்கள். தம்பியை இழுத்து வந்து முக்காலியில் ஏற்றி, பின்னால் நின்று, அவன் இடது கையைத் தன் இடது கைக்குள் அடக்கிக்கொண்டு அறுப்பாள். தேய்த்தாள் என்று சொல்ல முடியாது. அவள் தாடை அவன் உச்சந்தலையில் அழுந்தியிருக்கும். அவள் பாடினால் அவன் மண்டைக்குள் கேட்கும். சில நாள் நுரை இளஞ்சிவப்பாக வரும், அழுக்கு போகிறது என்பாள். அவளுக்கே பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த வயது. யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. பாத்திரம் தேய்த்த கை, பல்லையும் அப்படியே தேய்த்தது.

மிருதுவான பிரஷ் வாங்குங்கள், ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்துவைத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள் என்றாள் டாக்டர். கொஞ்ச நாளைக்குக் கையையும் மாற்றுங்கள், பழகாத கைக்கு அழுத்தத் தெரியாது.

சிக்கல் வீட்டில் இருந்தது. புருஷன் போன பிறகு அக்கா இங்கேதான் இருக்கிறாள். சமையலறை தம்பி பெண்டாட்டியுடையது, டிவி பிள்ளைகளுடையது. அவளுக்கென்று இருந்தது ஒரே பெருமை. வருகிறவர்களிடமெல்லாம் தம்பியின் வாயைக் காட்டி, "இந்த வயசுல ஒரு பல்லு போகல. யாரு வளர்ப்பு?" என்பாள். அவளுக்கு வலப்பக்கம் முழுக்கக் கட்டின பல். பிள்ளை பெற்றதில் போயிற்று என்பது அவள் கணக்கு.

அதனால் காலையில் அக்கா பக்கத்தில் நின்று பழையபடி அறுத்துவிட்டு, டிப்போவில் போய் மிருதுவான பிரஷ்ஷால் வட்டம் போட்டார். பொண்ணு பார்க்கப் போறீங்களாண்ணே என்று கண்டக்டர் விசாரித்தான். அடுத்த முறை டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு, பழைய பிரஷ் இன்னும் ஓய்வு பெறவில்லை போலிருக்கிறதே என்றாள்.

மறுநாள் காலை பிரஷ்ஷை வலது கையில் எடுத்தார். அது உதட்டில் இடித்தது, கன்னத்தில் குத்தியது. பக்கத்தில் பல்செட்டைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்த அக்கா திரும்பினாள்.

"கைல என்னடா கோளாறு?"

சொன்னார். சுற்றி வளைக்கத் தெரியாது, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னார். அக்கா குழாயை மூடினாள். உள்ளங்கையில் இருந்த செட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"அப்போ இது பிள்ளை பெத்ததுல போகலையா?"

அவர் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தார்.

"பாவம், பெத்த பயல இத்தன வருஷமா திட்டியிருக்கேன்." கொஞ்சம் நின்று, "உன்னதையும் நான்தான் கெடுத்தேனா?" என்றாள்.

"நீயும் சின்னப் பொண்ணுதானேக்கா."

அவள் செட்டைத் தம்ளரில் போட்டாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் வந்தாள். இப்போது தாடை அவர் தோளைக்கூட எட்டவில்லை. இடது கை பழக்கத்தில் முன்னால் வந்தது, பாதியில் நின்று, பின்வாங்கியது. வலது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். எதையும் கற்றுக்கொள்ளாத கை.

"எங்க, வட்டமா?"

"வட்டமா."

பிரஷ் பல்லில் பட்டதா என்றே தெரியவில்லை. இரண்டு கைகளும் வழி தெரியாமல் கோணல்மாணலாகச் சுற்றின. அவர் முதுகில் எங்கோ, அந்தப் பழைய பாட்டு முணுமுணுத்தது. நுரை வெள்ளையாக வழிந்து முழங்கைவரை இறங்கியது.