புளி போட்டுத் தேய்த்த காசுகள்

வெள்ளிக்கிழமை மத்தியானம் குழாயடியில் குத்தவைத்து உட்கார்ந்து, என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷமாகச் சேர்த்த செப்புக்காசு நாற்பத்தாறையும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அதற்கு முன்னால்தான் குத்துவிளக்கும் சொம்பும் தேய்த்திருந்தேன். கிண்ணத்தில் புளி மிச்சம் கிடந்தது. வீட்டில் நல்ல காரியம் என்றால் பித்தளை, செம்பு எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும், அப்படியே வளர்ந்துவிட்டோம். மறுநாள் திண்டுக்கல்லில் ஒரு மண்டபத்தில் நாணயக் கண்காட்சி. அவருக்குத் தனி மேசை. நோட்டீசில் 'வத்தலக்குண்டு பாண்டியராஜ்' என்று பெயர்கூடப் போட்டிருந்தார்கள். கரேலென்று பாசி பிடித்துக் கிடக்கிற காசை எந்த மூஞ்சியோடு நாலு பேர் முன்னால் வைப்பது?

அவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் செம்பட்டியில் ஏறிய எவரோ சில்லறையோடு சில்லறையாக ஒரு ஓட்டைக் காலணாவைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார். வேறொருவர் என்றால் திட்டிக்கொண்டே சன்னல் வழியாக வீசியிருப்பார். இவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்குப் பிடித்தது இந்தக் காசுப் பைத்தியம். கண்டக்டர் பழைய காசு வாங்குவார் என்று பேச்சுப் பரவி, சித்தையன்கோட்டைப் பக்கம் உழவில் கிடைத்தது, அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது என்று ஆட்கள் பஸ்ஸிலேயே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் மைதீன் பிச்சையின் பழைய பாத்திரக் கடையே கதி. மகளின் காதுகுத்துக்கு மாமன் சீரெல்லாம் வந்து இறங்கிய பிறகு, கையில் ஒரு நாயக்கர் காசோடு சிரித்துக்கொண்டே வந்து நின்ற மனுஷன் அவர். அந்தச் சிரிப்பை என்னைப் பார்த்து ஒருநாளும் சிரித்ததில்லை. எனக்குச் சக்களத்தி இல்லாத குறையை அந்தக் காசுகள் தீர்த்துவைத்தன.

ஒரே ஒரு தடவை, எனக்கு டைபாய்டு வந்து படுத்திருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காசில் இருந்த காளையைக் காட்டி ஒரு மணி நேரம் பேசினார். காய்ச்சலே வாழ்க என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு போன வாரம்தான், "கண்காட்சிக்கு நீயும் வாயேன்" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், புது ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். அவருடைய காரியத்தில் என் கையும் பட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

டூட்டி முடிந்து வந்தவரிடம் தாம்பாளத்தில் சிவப்புத் துணி விரித்துக் காசுகளைப் பரப்பிக் காட்டினேன். அத்தனையும் புதுச்செம்பாக மின்னின. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். மனுஷன் சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன், கூறுகெட்டவள். சோறு வேண்டாம் என்று படுத்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை.

கண்காட்சியில்தான் உறைத்தது. மற்ற மேசைகளில் காசெல்லாம் பச்சையும் கறுப்புமாக இருந்தன. எங்கள் மேசையைப் பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். சங்கத் தலைவர் சார்லஸ் சார் வந்து, லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"முந்நூறு வருசமா ஏறுன களிம்பு பாண்டியராஜ். அதுதான இதுக்கு மதிப்பே. யாரு கழுவுனது?"

நான் இவர் பக்கத்தில்தான் நின்றேன். பட்டுச்சேலை, தலையில் பூ. நான்தான் சார் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வீட்டு வேலைக்கு வர்ற பொம்பள சார்," என்றார் இவர். "வெவரம் கெட்டவ."

"மொதல்ல அவள நிப்பாட்டுங்க."

"நிப்பாட்டிட்டேன் சார்."

எங்கள் வீட்டில் வேலைக்கு ஆள் வைத்ததே இல்லை. சார்லஸ் சார் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். திட்டியிருக்கலாம். வீட்டிலேயே தாம்பாளத்தைத் தூக்கி என் தலையில் எறிந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். பஸ்ஸில் திரும்பும்போது அவர் முன்னால் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். காசுப் பை என் மடியில் கனத்தது.

சாயங்காலம் வீடு வந்ததும் சட்டையைக் கழற்றி அழுக்குத்துணிமேல் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். துவைப்பதற்கு முன்னால் சட்டைப்பையைத் துழாவிப் பார்ப்பது என் வழக்கம். சின்ன பிளாஸ்டிக் உறையில் அந்த ஓட்டைக் காலணா. ராசிக்காசு என்று எப்போதும் கூடவே வைத்திருப்பதால் நேற்று என் கைக்குத் தப்பியிருந்தது. கறுத்து, ஓரத்தில் பச்சை படர்ந்திருந்தது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது.

"மகேசு, சட்டைப்பையில ஒண்ணு இருக்கும். பத்திரமா எடுத்து வையி," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எடுத்துட்டேன்," என்றேன்.

எலுமிச்சை அளவு புளியை எடுத்துக் கிண்ணத்தில் ஊறவைத்தேன். உள்ளே மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உறையைக் கிழித்துக் காசை எடுத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். முதலில் பச்சை போனது. பிறகு ஓட்டையைச் சுற்றிச் சிவப்பாக வெளுக்கத் தொடங்கியது.